தங்கவயல் பிள்ளைகளும் கல்லூரியின் வாசற்படியும்

கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் கர்நாடகத்தின் கல்லூரி அரங்குகளில் ஒரே உரை திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுகிறது. பள்ளியில் ஆசிரியர் ஊட்டிவிட்டார், இங்கே மாணவர் தாமே எடுத்து உண்ண வேண்டும். பள்ளியில் கண்டிப்பு இருந்தது, இங்கே சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர் முன்னேறுவார், தெரியாதவர் பின்தங்குவார், அதற்குப் பொறுப்பு அவரே. இதுதான் அந்த உரையின் சாரம். முதல்வர்கள் பேசுகிறார்கள், விருந்தினராக வரும் அதிகாரிகள் பேசுகிறார்கள், நாளேடுகளின் கல்வி இணைப்புகளும் இதையே எழுதுகின்றன. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்குள் நுழையும் ஒரு பிள்ளையின் நிலையில் நின்று பார்த்தால், அந்த உரையின் ஒவ்வொரு சொல்லும் ஓர் அநீதியை மறைத்து வைத்திருப்பது புலப்படும்.

பள்ளி வகுப்புக்கும் கல்லூரி வகுப்புக்கும் வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பள்ளியில் பாடநூல் ஒன்று. அதன் ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி, விடை, திருப்புதல், சிறு தேர்வு எல்லாம் வகுப்புக்குள்ளேயே நடந்து முடிகின்றன. பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்கும்போது மாலையில் சிறப்பு வகுப்பு நடத்துகிறார். கல்லூரியில் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செல்கிறார். குறிப்பெடுப்பது, மேற்கோள் நூலைத் தேடுவது, புரியாததைத் துணிந்து கேட்பது, ஆறு மாதத்துக்கொரு பருவத்தேர்வுக்குத் தானே திட்டமிட்டுப் படிப்பது ஆகிய அனைத்தும் மாணவரின் கையில் விடப்படுகின்றன. நாம் எழுப்பும் கேள்வி வேறு. இந்த மாற்றத்தைத் தாங்கும் வலிமை எங்கிருந்து வருகிறது? அதை யார் கொடுக்கிறார்கள்? கொடுக்கப்படாதவரிடம் அதைக் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு?

பதினாறு வயதில் கல்லூரி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பெரும்பாலும் அதே பள்ளியில், தெரிந்த ஆசிரியர்களிடமே பதினொன்றாம் வகுப்புக்குச் செல்கிறது. 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது பழைய புகுமுக வகுப்பு கல்லூரிகளிலிருந்து நீங்கியது. கேரளமும் பின்னர் முன்பட்டப் படிப்பைக் கல்லூரிகளிலிருந்து பிரித்துப் பள்ளிகளோடு சேர்த்தது. கர்நாடகத்தில் அந்த இரண்டு ஆண்டுகள் இன்றும் பி.யூ.சி. என்ற பெயரில் தனித் துறையின் கீழ், 'கல்லூரி' என்ற பலகையுடனேயே நடக்கின்றன. எல்லை தாண்டி ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பள்ளி மாணவியாக இருக்கும் பதினாறு வயதுப் பெண், ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ பிறந்திருந்தால் கல்லூரி மாணவியாகிவிடுகிறார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரோடு சேர்ந்து சோறும் போகிறது. கர்நாடகத்தின் அட்சர தாசோக மதிய உணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரைதான். அரசுப் பள்ளியில் கிடைத்த பால், சீருடை, விலையில்லாப் பாடநூல் ஆகியவையும் அந்த வகுப்போடு முடிகின்றன. மார்ச் மாதம் வரை பள்ளியில் மதியம் சாப்பிட்ட அதே பிள்ளை, ஜூன் மாதத்தில் பசியோடு பிற்பகல் வகுப்பில் அமர்ந்திருக்கிறது. கட்டாய, இலவசக் கல்வி உரிமைச் சட்டமும் (2009) பதினான்கு வயதோடு நின்றுவிட்டது. மேடைப் பேச்சாளர் சொல்லும் 'இனி நீங்களே உண்ண வேண்டும்' என்ற உவமை, ஏழை வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் நேரடிப் பொருளிலேயே நிறைவேறிவிடுகிறது.

பெற்றோர் எங்கே என்று கேட்பவர்கள் விடியலுக்கு முன் மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குச் சென்று பார்க்கட்டும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தை ஒன்றிய அரசு மூடியது. அப்போது அடல் பிகாரி வாஜ்பாய் பிரதமர். பொதுத்துறை நிறுவனங்களை விற்பதற்கென்றே தனித் துறை வைத்திருந்த அரசு அது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை நாட்டுக்கு அகழ்ந்து கொடுத்த ஊருக்கு, மாற்று வேலை எதையும் அது விட்டுச் செல்லவில்லை. அன்று முதல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, காவலாளியாக, துப்புரவுப் பணியாளராக, கடை ஊழியராக, தையல் தொழிலாளியாக உழைத்துவிட்டு இரவில் திரும்புவதே இந்த ஊரின் வாழ்க்கை. தகப்பனும் தாயும் ரயிலில் இருக்கும் வேளையில்தான் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, வீடு திரும்புகிறது. தண்ணீர் பிடிப்பது, சோறாக்குவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் மூத்த பெண்ணின் வேலை. இவரிடம்தான் நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொள் என்று கல்லூரி உபதேசம் செய்கிறது. நேரத்தை நிர்வகிப்பதில் இந்தப் பெண்ணிடம் உபதேசகர்கள் பாடம் கேட்கலாம். அவரிடம் இல்லாதது நிர்வகிப்பதற்கான நேரமே.

மொழி மாறும் வாசல்

தங்கவயலின் தனித்த துயரம் இன்னொன்று உண்டு. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து 1880களில் தொடங்கி ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்கு வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களின் வீட்டு மொழி தமிழ். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. அந்த உரிமையால் தமிழ்வழிப் பள்ளிகள் இங்கே நின்றன. இன்று அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து வருகின்றன. இருக்கும் பள்ளிகளில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறும் பிள்ளைக்கு, அடுத்த வகுப்பில் தமிழ் ஒரு மொழிப்பாடமாக மட்டும், அதுவும் அதற்கு விரிவுரையாளர் உள்ள இடத்தில், கிடைக்கும். இயற்பியலும் உயிரியலும் ஆங்கிலத்தில். வணிகவியலுக்கும் கலைப் பாடங்களுக்கும் ஆங்கிலம் அல்லது கன்னடம்.

இதை ஒரு மாணவரின் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். ஒளிச்சேர்க்கை, முடுக்கம், சமன்பாடு, பற்றுவரவு என்று பத்தாண்டுகள் பயின்ற கருத்துகள் அனைத்தும் அவருக்குத் தெரியும். அவற்றின் ஆங்கிலப் பெயர் தெரியாது. விரிவுரையாளர் ஒரு தொடர் சொல்லி முடிப்பதற்குள் அதில் நான்கு சொற்கள் புரியாமல் போகின்றன. எழுந்து கேட்க வேண்டுமானால் அந்தக் கேள்வியையும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். அவர் மௌனமாகிறார். அந்த மௌனத்தைக் கல்லூரி 'ஆர்வமின்மை' என்று பதிவு செய்கிறது. முதல் ஆண்டில் அறிவியலிலிருந்து கலைப்பிரிவுக்கு மாறுகிறார், அல்லது பாதியில் நிற்கிறார், அல்லது ரயிலேறுகிறார். மொழியால் வந்த தோல்வி அறிவின் தோல்வியாக அவருடைய சான்றிதழில் எழுதப்படுகிறது.

இங்கே இரு தரப்பு வெறியர்களுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோகாக் அறிக்கையை ஒட்டி 1980களின் தொடக்கத்தில் எழுந்த கிளர்ச்சியின் போதும் அதன் பின்னரும், தங்கவயல் தமிழர்களைக் கன்னடத்தின் எதிரிகளாகச் சித்திரித்தவர்கள் இருந்தார்கள். மறுபுறம், கன்னடமே நம் பிள்ளைகளின் எதிரி என்று சொல்லி வாக்குச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். இருவரும் உண்மையை மறைக்கிறார்கள். முல்பாகலிலோ சீனிவாசபுரத்திலோ கன்னடவழியில் படித்த விவசாயத் தொழிலாளியின் மகனும் அதே இயற்பியல் வகுப்பில், அதே ஆங்கிலச் சுவரின் முன்னால், அதே மௌனத்தோடுதான் அமர்ந்திருக்கிறான். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்திய கர்நாடக அரசின் ஆணையை, தனியார் ஆங்கிலப் பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்கில் 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தபோது தோற்றது தமிழும் கன்னடமும் சேர்ந்துதான். வென்றது கட்டணம் வசூலிக்கும் முதலாளி. மாநிலத்தின் மொழியான கன்னடத்தைத் தங்கவயலின் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும், கற்கவும் செய்கிறார்கள். ஆங்கிலமும் கற்கட்டும். தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் பாலம் கட்டாமல், பிள்ளையைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு நீந்தச் சொல்லும் கொடுமையைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

தானே படித்த ஊர்

இவர்களுக்குத் தாமாகப் படிக்கும் பழக்கம் இல்லை என்று சொல்பவர்களுக்குத் தங்கவயலின் வரலாறு தெரியாது. இந்த ஊரில் சுயமாகப் படிப்பது கல்லூரி வருவதற்கு முன்பே இருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களிடையே வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இயங்கிய பௌத்த சங்கங்களில் பகலெல்லாம் பாறையைத் துளைத்த கைகள் இரவில் ஏடுகளைப் புரட்டின. பண்டிதர் மறைந்த பின் அதே 'தமிழன்' இதழை 1926 முதல் இங்கிருந்தே ஜி.அப்பாதுரையார் நடத்தினார். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட நூல்கள் தமிழ் அறிவுலகம் பிற்காலத்தில் தேடிப் படிக்க வேண்டியவையாக அமைந்தன. பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத காலத்தில் ஒரு சிந்தனை மரபைக் காப்பாற்றி வைத்தவர்கள், கல்லூரிப் படியை மிதிக்க வாய்ப்பில்லாத இந்தத் தொழிலாளர்கள்.

தொழிற்சங்க இயக்கமும் அவ்வாறே ஒரு பாடசாலையாக இருந்தது. 1930ஆம் ஆண்டு விரல்ரேகைப் பதிவு முறையைக் கம்பெனி திணித்தபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்தும் அந்த ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940களில் செங்கொடி இயக்கம் இங்கே வேரூன்றியபோது கூலி, பஞ்சப்படி, கம்பெனியின் லாபக் கணக்கு ஆகியவற்றைத் தொழிலாளர்கள் கற்றார்கள். கற்றதை வைத்து நிர்வாகத்தின் எதிரில் அமர்ந்து வாதாடினார்கள். 1957இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர் எம்.சி.நரசிம்மனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது இந்தத் தொகுதி. இவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான், சுயமாகச் சிந்திக்கத் தெரியவில்லை என்று இன்று சொல்கிறார்கள்.

அந்த இரவுப் படிப்பு எதனால் சாத்தியமாயிற்று? தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் அது நிகழவில்லை. சங்கம் இருந்தது, வாசகசாலை இருந்தது, தெரிந்தவர் தெரியாதவருக்குத் தெரிந்த மொழியிலேயே விளக்கும் கூட்டு ஏற்பாடு இருந்தது. அதற்கு அடிப்படையாக, குறைந்த கூலியானாலும், ஊரிலேயே ஒரு வேலை இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்த ஊர் இது. அந்த மின்சாரம் சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக வந்தது. தொழிலாளியின் குடிசைக்குப் படிப்பு விளக்கைத் தொழிலாளியே ஏற்றிக்கொண்டான். சுயமாகப் படிப்பது என்பது ஒரு கூட்டுச் சாதனை என்று இந்த ஊரின் வரலாறு கற்பிக்கிறது. இன்றைய கல்லூரி அதைத் தனிமனிதச் சுமையாக மாற்றி, சுமக்க முடியாதவரைக் குற்றவாளியாக்குகிறது.

ஊட்டுவது யாருக்கு?

பதினாறு வயதுக்குப் பின் ஊட்டிவிடுவது தவறு என்ற கொள்கையைப் பணம் படைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்போம்.

பெங்களூரிலும் மங்களூரு வட்டாரத்திலும் உள்ள தனியார் பி.யூ. கல்லூரிகளின் விளம்பரங்களைப் படியுங்கள். விடியலில் எழுப்பி இரவு வரை படிக்க வைக்கும் விடுதி, நாள்தோறும் தேர்வு, ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கண்காணிப்பு, நீட், சி.இ.டி., ஜே.இ.இ. தேர்வுகளுக்கு ஒருங்கிணைந்த பயிற்சி, அச்சிட்ட குறிப்புகள், ஐயம் தீர்க்கத் தனி ஆசிரியர்கள் ஆகியவற்றைத்தான் அவை விற்கின்றன. இதற்குப் பெயர் என்ன? பள்ளியைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையான ஊட்டல். அதற்குக் கட்டணம் லட்சங்களில். கர்நாடகத்தில் பொறியியல் தரவரிசைக்குப் பி.யூ.சி. மதிப்பெண்ணில் பாதியும் சி.இ.டி. மதிப்பெண்ணில் பாதியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மருத்துவத்துக்கு நீட். இந்தத் தேர்வுகளின் தரவரிசையில் அந்தக் கட்டணமும் மறைவாக அமர்ந்திருக்கிறது.

ஆக, உண்மை இதுதான்: பணக்காரப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை ஊட்டல்; ஏழைப் பிள்ளைக்குப் பதினாறு வயதிலேயே சுதந்திரம். ஒருவருக்குக் கண்காணிப்பு அக்கறையாகிறது; மற்றவருக்குக் கைவிடுதல் கல்விக் கொள்கையாகிறது. பிறகு இருவரையும் ஒரே தேர்வு மண்டபத்தில் உட்காரவைத்து, முடிவைத் 'தகுதி' என்று அறிவிக்கிறார்கள்.

அரசுக் கல்லூரிகளில் ஊட்டுவதற்கு ஆளும் இல்லை. கர்நாடகத்தின் அரசு முதல்நிலைக் கல்லூரிகளின் வகுப்புகளைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கி நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாது. முழுநேர ஆசிரியருக்கு உரிய ஊதியமோ பணிப் பாதுகாப்போ இல்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வாரக்கணக்கில் போராடியபோது, வகுப்பறைகள் ஓய்ந்துபோயின. ஓர் ஊரில் வகுப்பு முடித்துவிட்டுப் பிழைப்புக்காக இன்னோர் இடத்துக்கு ஓட வேண்டிய விரிவுரையாளர், தயங்கி நிற்கும் மாணவரிடம் எப்போது உட்கார்ந்து பேசுவார்? கல்லூரியில் ஆசிரியர் மாணவரைத் தேடி வரமாட்டார் என்று மேடையில் சொல்கிறார்களே, அதன் பின்னணி கல்வித் தத்துவம் அன்று. அரசு மிச்சம் பிடித்த சம்பளம் அது.

சுதந்திரம் என்ற பேச்சு

அப்படியானால் கல்லூரியையும் பள்ளியாக்கிவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மனப்பாடமும் பிரம்பும் நமக்கு லட்சியம் அல்ல. ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்கவும், ஒரு பொருளைப் பற்றிப் பல நூல்களைப் படித்துத் தன் முடிவுக்குத் தானே வரவும், வேறு ஊர், வேறு சாதி, வேறு மொழி மாணவரோடு சமமாகப் பழகவும் கல்லூரி இடம் தர வேண்டும். உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரம் மற்ற எவரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஆனால் சுதந்திரம் பேசும் ஆட்சியாளர்கள் அதை எந்த அளவுக்குத் தருகிறார்கள்? கர்நாடகத்தில் 1980களின் இறுதியில் தடை செய்யப்பட்ட மாணவர் பேரவைத் தேர்தல், காங்கிரஸ், ஜனதா, பாரதிய ஜனதா என்று ஆட்சிகள் மாறிய பின்னும் பல பத்தாண்டுகளாக மீட்கப்படவில்லை. பதினெட்டு வயதில் நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்க வாக்களிக்கலாம். தன் கல்லூரி நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பேரவைக்கு வாக்களிக்கக் கூடாது. தோற்பதற்கு மட்டும் சுதந்திரம், பேசுவதற்கு இல்லை.

இத்தாலியப் பாசிசத்தின் சிறையில் இருந்தபடி கல்வி குறித்து எழுதிய அந்தோனியோ கிராம்ஷி இந்தச் சிக்கலைத் தெளிவாகக் கண்டார். படிப்பும் ஓர் உழைப்பே, அதற்கும் உடலும் நரம்பும் பழக வேண்டும், படித்த குடும்பத்தின் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே பெற்றுவிடுகிறார்கள் என்று அவர் சுட்டிக்காட்டினார். பாடத்தை எளிதாக்கி நீர்த்துப்போகச் செய்யும்படி அவர் கேட்கவில்லை. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதையும், பொதுப்பள்ளியின் கடைசிக் கட்டம் அந்த இடைவெளியைக் கடக்கப் பயிற்றுவிக்கும் கட்டமாக இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். சுயகட்டுப்பாடும் சிந்தனைச் சுதந்திரமும் பள்ளியிலேயே, ஆசிரியரின் துணையோடு பழக்கப்பட வேண்டியவை. வாசலில் வைத்து வழங்கப்படும் தண்டனைகள் அல்ல.

இது வெறும் எண்ணமாக நின்றுவிடவில்லை. சோவியத் அரசு உள்நாட்டுப் போரின் நெருக்கடிக்கு நடுவில், 1919ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் கல்விப் பிரிவுகளைத் தொடங்கியது. உயர்நிலைக் கல்வியை எட்டாத தொழிலாளரையும் விவசாயியையும் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்துவதே அவற்றின் வேலை. ரொட்டிக்குப் பஞ்சமான நாடு அதைச் செய்ய முடிந்தது. மென்பொருள் ஏற்றுமதியில் பெருமை பேசும் மாநிலம், தன் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊருக்கு ஒரு பால வகுப்பு நடத்த முடியாதா?

வெளியேற மட்டும் திறந்த கதவுகள்

மோடி அரசின் தேசியக் கல்விக் கொள்கை (2020) ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கட்டம் என்று காகிதத்தில் சொல்கிறது. கல்லூரியில் அது கொண்டுவந்ததோ வேறு. ஓராண்டு படித்து நின்றால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் சிறப்புப் பட்டம். ஏழைப் பிள்ளை இடையில் நிற்பதைத் தோல்வி என்று அரசு முன்பு வெட்கத்தோடு கணக்கெடுத்தது. இப்போது அதற்கு 'வெளியேறும் வாய்ப்பு' என்று பெயரிட்டுச் சான்றிதழும் கொடுக்கிறது. அன்றைய பாரதிய ஜனதா ஆட்சி 2021–22 கல்வியாண்டிலேயே முந்திக்கொண்டு இதைக் கர்நாடகத்தில் புகுத்தியது. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு மீட்கப்பட்டது. இது மாணவர் இயக்கங்களும் ஆசிரியர்களும் நடத்திய போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி.

அந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் சித்தராமையாவிடம் அளிக்கப்பட்டது. பி.யூ.சி. ஆண்டுகளையும் உள்ளடக்கிய நான்காண்டு உயர்நிலைக் கல்வி என்ற அமைப்பையும், தொடக்க வகுப்புகளில் கன்னடம் அல்லது தாய்மொழிவழிக் கல்வியையும் அது பரிந்துரைக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையைத் திரும்பவும் பள்ளி மாணவராக்கும் இந்தப் பரிந்துரையை நாம் வரவேற்கிறோம். காங்கிரஸ் அரசிடம் நாம் கேட்பது: அறிக்கையை வாங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டதோடு வேலை முடிந்ததா? தனியார் பி.யூ. கல்லூரி முதலாளிகள் முணுமுணுப்பார்கள் என்ற அச்சத்தில் அது கோப்புகளுக்கடியில் புதைக்கப்படுமா? ஒரே அமைப்பாக்குகிறோம் என்ற சாக்கில் சிறிய தாய்மொழிப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைத்து மூடுவதானால், அது பரிந்துரைக்கு நேர் எதிரான செயல். தங்கவயலின் தமிழ்ப் பள்ளிகளைப் பொறுத்தவரை இணைப்பு என்பது மூடுவிழாவின் மறுபெயரே.

தங்கவயலின் மீது அரசுகளுக்கு அக்கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சுரங்கம் கக்கிய சயனைடு மண்மேடுகளில் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்க ஒன்றிய அரசு திட்டம் தீட்டியது. ஆயிரம் ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 மேடுகளுக்கு மாநில அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது. ஒருமுறை சலித்துக் கழித்த மண்ணையும் மறுபடி சலிக்க அரசுக்குப் பொறுமை இருக்கிறது. அந்த மேடுகளின் தூசியைச் சுவாசித்து வளரும் பிள்ளைகளை மட்டும் ஒரே சலிப்பில் கழித்துவிட்டு, தரமில்லை என்று முத்திரை குத்துகிறது.

நாம் என்ன கேட்கிறோம்?

பி.யூ.சி. ஆண்டுகளைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக அறிவித்து, மதிய உணவும் விலையில்லாப் பாடநூலும் பன்னிரண்டாம் ஆண்டு வரை வழங்க வேண்டும். தாய்மொழிவழியில் படித்து வரும் மாணவர்களுக்குக் கல்லூரியின் முதல் பருவத்தில் தமிழும் கன்னடமும் அறிந்த ஆசிரியர்களைக் கொண்டு இருமொழி விளக்க வகுப்புகள் நடத்த வேண்டும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொற்களைத் தரும் கையேடு ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்க வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளில் காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரப்படுத்த வேண்டும். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையைப் பருவத்தின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்; தேர்வு முடிந்த பின் வரும் உதவித்தொகை புத்தகம் வாங்கப் பயன்படாது. தங்கவயலில் அரசு விடுதிகளையும், இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் பொதுப் படிப்பகங்களையும் அமைக்க வேண்டும். இதற்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கிறது. தொழில் பூங்காவுக்கு அளந்து கொடுக்கும் அரசு, அந்த நிலத்தைத் தங்கள் உழைப்பால் பொன் விளையும் பூமியாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கல்விக்காக ஒரு பங்கு அளக்கட்டும். மாணவர் பேரவைத் தேர்தல்களை நடத்த வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை அல்ல. 1966இல் கோத்தாரிக் குழு பொதுப்பள்ளி முறையையும் கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டையும் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும் ஒன்றிய அரசுகள் அந்த அளவை எட்டவில்லை. அந்தக் கடனைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

அரசு தரும் வரை காத்திருப்பதும் நமது மரபு அன்று. சாம்பியன் ரீப்பிலும் மாரிக்குப்பத்திலும் ஒருகாலத்தில் இரவு விளக்கேற்றிய வாசகசாலைகளை மீண்டும் தொடங்க வேண்டிய பொறுப்பு இயக்கத்துக்கு இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் முதலாண்டு மாணவருக்கு வீட்டு மொழியில் பாடம் விளக்கும் ஏற்பாட்டை, தமிழ் பேசுவோரும் கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோரும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் இடத்தை, மாணவர் அமைப்பும் தொழிற்சங்கமும் வாலிபர் இயக்கமும் இணைந்து உருவாக்க வேண்டும். அங்கே பயிலும் பிள்ளை தன் பாடத்தோடு, தான் ஏன் பின்தங்க வைக்கப்பட்டோம் என்பதையும் பயிலும்.

விரல்ரேகை வைக்க மாட்டோம் என்று 1930இல் எழுந்து நின்ற ஊர் இது. அவர்களுடைய வழித்தோன்றல்களின் நெற்றியில் 'தகுதியில்லை' என்ற ரேகையைப் பதிக்கக் கல்லூரி வாசலில் காத்திருக்கும் ஏற்பாட்டையும் இந்த ஊர் ஏற்காது. அடுத்த சேர்க்கைக் காலம் வருவதற்குள், இந்தக் கோரிக்கைகளை வீடு வீடாக, லைன் லைனாக, காலை ரயிலின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கொண்டு செல்வோம்.